நூல் தீரட்டும், பிறகு போனைத் தொடுங்கள்

வாசகி கேட்டது:

எனக்கு 61 வயது. கொக்குவிலில் இருக்கிறேன். கணவர் காலமாகி ஆறு வருடம். மகள் கனடாவில். செம்மணியில் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை. அங்கே கிடைத்த நீலநிறப் பள்ளிக்கூடப் பையின் படத்தைப் பார்த்த இரவு நித்திரையே இல்லை. பிறகு காசாவின் பிள்ளைகள், அப்புறம் வேறொன்று. விடியற்காலை மூன்று மணிக்கும் விரல் தள்ளிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அலுமாரிக்குள் வேறெதையோ தேடும்போது அம்மாவின் பிஸ்கற் பேணி கிடைத்தது. ஊசி, நூல், துணியை இழுத்துப் பிடிக்கிற தையல் வளையம், பாதி தைத்த மேசைவிரிப்பு. 1995 இடம்பெயர்வில் அம்மா நகைப்பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த பேணி. சும்மா ஒரு லேஞ்சியை எடுத்துச் சங்கிலித் தையல் போட்டுப் பார்த்தேன். அன்று நித்திரை வந்தது. இப்போது தினமும் தைக்கிறேன், சில நாள் இரவு ஒரு மணி வரைக்கும்.

ஆனால் பக்கத்து வீட்டு ரீச்சர் அக்காவின் மகன் 1996இல் கொண்டுபோகப்பட்டவன். அவர் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார். நான் பூத் தைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை. போன கிழமை அவர் வந்து கதவைத் தட்டியபோது, கையில் வளையத்தோடு சத்தம் காட்டாமல் இருந்துவிட்டேன். மகளும் "அம்மா, நீங்கள் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்" என்கிறாள். நான் செய்வது பிழையா? அம்மாவின் மேசைவிரிப்பை நான் முடிக்கலாமா?

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள அக்கா,

தைப்பது பிழை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. அது கதவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

"எங்கள் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை" என்ற வரியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். துக்கப்பட ஒரு தகுதி வேண்டும், தனக்கு அது இல்லை என்ற தயக்கம் அதில் இருக்கிறது. என்னிடம் வருகிற பலரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். சரி, ஒன்று கேட்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு அந்தப் பேணியோடு நீங்களும் அம்மாவும் எந்த வழியால் போனீர்கள்? அரியாலை தாண்டி, செம்மணி தாண்டி, நாவற்குழிப் பாலத்தால்தானே. அடுத்த வருடம் சனம் ஊர் திரும்பியதும் அந்த வழியால்தான். 1998இல் நீதிமன்றத்தில் ஓர் இராணுவத்தினர் செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மறுபடியும் எலும்புகள் வெளிப்பட்டன. அதன்பின் அகழ்ந்து கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் இருநூறைத் தாண்டிவிட்டன. பஸ்ஸில் கொடிகாமம் போய்வரும்போதெல்லாம் யன்னலால் தெரிகிற வெளி அது. உங்கள் கால் பட்ட மண். இதைச் செய்தி என்று சொல்வது வேறு சொல் கைவசம் இல்லாததால்தான். உங்களுக்கு அழுகை வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தைக்கத் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு இது இன்னும் ஒரு படி கூடுதலாக உறைத்திருக்கும் என்றும் நினைக்கிறேன். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, புதைகுழியில் கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காட்டுவதற்காக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தைக்கிறவரின் கண் ஒரு உடுப்பைச் சும்மா பார்க்காது. கையால் தைத்ததா மெசினில் தைத்ததா, விளிம்பை யார் மடித்தது, விழுந்த தெறிக்குப் பதில் வேறு தெறியை யார் வைத்தது என்றுதான் பார்க்கும். அந்தக் கண்ணோடு நள்ளிரவில், தனியாக, அந்தப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறீர்கள். நித்திரை போனதில் வியப்பில்லை.

போர்க்காலத்தில் நாங்கள் செய்தி கேட்ட விதம் உங்களுக்கு நினைவிருக்கும். 1990இலிருந்து மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. ஒழுங்கையில் இருக்கிற நாலைந்து வீட்டுச் சனமும் ஒரு முற்றத்தில் கூடும், நடுவில் ஜாம் போத்தல் விளக்கு. அரை மணி நேரம் கேட்போம். கேட்ட செய்தி இப்போது வருகிற எந்தச் செய்தியையும்விடக் கிட்டவானது, அடுத்த நாள் எங்கள் தலையிலேயே விழக்கூடியது. ஆனாலும் சில்லு நின்றதும் ரேடியோவும் நின்றுவிடும். பிறகு அரை மணி நேரம் பெரியவர்கள் அதைப் பற்றிக் கதைப்பார்கள், யாராவது தேத்தண்ணி போடுவார்கள், படுக்கப் போய்விடுவோம். அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தச் செய்திக்கு ஒரு நேரம் இருந்தது, ஒரு முடிவு இருந்தது, சேர்ந்து கேட்க ஆள் இருந்தது. உங்கள் போனில் இந்த மூன்றும் இல்லை. சில்லை யாரும் சுற்றாமலே அது ஓடுகிறது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் மரதன் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய கிழமைகளில் 4,675 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு ஆறு மணித்தியாலமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் காணப்பட்ட பதற்றமும் நித்திரைக் குழப்பமும், குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்களிடம் காணப்பட்டதைவிடக் கூடுதலாக இருந்தன. முதல்முறை இதை வாசித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பிறகு எங்கள் ஊரில் என் முன்னால் வந்து அமர்ந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, நம்பத்தான் வேண்டியிருந்தது.

இனி ஊசி. சங்கிலித் தையல் போட்ட அன்று நித்திரை வந்தது தற்செயல் இல்லை. பயங்கரமான காட்சிகள் மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது படமாகத்தான் ஓடுகிறது, சொல்லாக இல்லை. அந்தப் படம் ஓடுவதற்கு மூளையில் ஓர் இடம் வேண்டும். கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலை அதே இடத்தைக் கேட்கிறது. 2009இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், மனதைக் குழப்பும் காட்சிகளைச் சிலருக்குக் காட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஒரு பகுதியினரை டெட்ரிஸ் விளையாட விட்டார்கள். கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற அந்தப் பழைய கணினி விளையாட்டுத்தான். விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு கிழமையில் அந்தக் காட்சிகள் தாமாக மேலெழுந்து வருவது குறைவாக இருந்தது. ஆனால் என்ன பார்த்தார்கள் என்பதை மறந்துவிடவில்லை, கேட்டால் சொன்னார்கள். இந்தக் கடைசி விடயத்தை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள். கை வேலை நினைவை அழிப்பதில்லை. அது மனதுக்குள் பாய்ந்து வருகிற வேகத்தைத்தான் குறைக்கிறது. டெட்ரிஸ் கட்டைகள் செய்ததை ஊசியும் செய்யும் என்பது என் அனுபவத்தில் நான் வந்த முடிவு.

பின்னல் வேலை பற்றியும் 2013இல் ஓர் ஆய்வு வந்தது. 3,545 பேர் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொன்னது கூடுதலாக இருந்தது. பின்னலை விரும்புகிறவர்களிடமே கேட்ட கணக்கு என்பதால் அதை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். எனக்கு அதைவிட 2005இல் வடமராட்சிக் கரையில் கண்டதுதான் பெரிய சான்று. சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகப் போய்வந்த காலம் அது. கொட்டில் நிழலில் ஆண்கள் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். கடலுக்குப் போகிற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பலருக்கு வள்ளமே இல்லை. ஆனாலும் காலையிலிருந்து பின்னேரம் வரை ஓட்டை ஓட்டையாகத் தேடிப் பொத்துவார்கள். கேள்விப் படிவத்தோடு போய் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். நானும் பக்கத்தில் இருந்து வலையின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தால், கால் மணி நேரத்தில், தலையைத் தூக்காமலே, பிள்ளையின் பெயர் வரும். என் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் அம்மம்மாமார் ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டே செத்தவீட்டுக் கதைகளைச் சொன்னதும் இதனால்தான் என்று பிறகு விளங்கியது.

ஆகவே, தையுங்கள். ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ரிவியில் செய்தியைப் போட்டுவிட்டுத் தைக்காதீர்கள். அப்போது ஊசிக்குள்ளும் செய்தி வந்துவிடும், பிறகு அந்தத் துணியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். செய்திக்கு உங்கள் டைனமோ நேரத்தை நீங்களே வையுங்கள். பின்னேரம் ஐந்து மணி என்று வைத்தால் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வீடியோவாகப் பார்க்காமல் எழுத்தாக வாசியுங்கள். முடிந்தால் இன்னொருவரோடு. படுக்கப் போவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்கு போன் மற்ற அறையில் கிடக்கட்டும். மகள் எடுக்கிற நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம்.

நடுவில் விரல் போனைத் தேடும். தேடாது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நூலை அளந்து வெட்டுங்கள், ஏறக்குறைய ஒன்றரை அடி வரும். ஆறிழை நூலில் இரண்டிழையைப் பிரித்து ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். போனை எடுக்க மனம் உன்னும்போது, "இந்த நூல் தீரட்டும்" என்று சொல்லிக்கொண்டு தையுங்கள். காம்புத் தையல் என்றால் அந்த நூல் முடியக் கால் மணி நேரம் போகும். முடிந்தபிறகும் போன் வேண்டுமென்றால் எடுங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அடுத்த நூலைத்தான் வெட்டுவீர்கள். இரவு ஒன்பதரைக்குத் தீர்கிற நூல்தான் அன்றைக்குக் கடைசி. ஒரு மணி வரை தைத்தால் கண்ணும் கழுத்தும் போகும், போன் பிடித்த இடத்தை வளையம் பிடித்துவிடும்.

இனிக் கதவுக்கு வருகிறேன்.

ரீச்சர் அக்கா தட்டியபோது நீங்கள் சத்தம் காட்டாமல் இருந்தது கெட்ட மனத்தால் இல்லை, வெட்கத்தால். கையில் பூ, வெளியில் அவர். ஆனால், அக்கா, மகள் சொல்கிற "கண்ணை மூடிக்கொள்வது" உண்மையில் நடந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். தையல் உங்களை ஒரு மனிதரிடம் போகக்கூடிய அளவுக்கு நிதானப்படுத்தினால் அது மருந்து. ஒரு மனிதரிடமிருந்து ஒளிக்க வைத்தால் மருந்தின் அளவு பிழைத்துவிட்டது. வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போங்கள். மறைக்க வேண்டாம். "அண்டைக்கு நீங்கள் தட்டினது கேட்டது, எனக்கு வர முகம் இருக்கவில்லை" என்று சொல்லுங்கள். அவர் உங்களைவிடப் பெரிய துன்பம் பார்த்தவர், இது அவருக்கு விளங்கும். விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து தையுங்கள்.

அங்கே செய்யக்கூடாதவை சில உண்டு. என்னைப்போன்ற வேலை செய்கிறவர்கள் முடிவு தெரியாத இழப்பு என்று ஒன்றைச் சொல்வோம். செத்தவீடு நடந்த வீட்டுக்கு எட்டு, அந்திரட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்குப் படி இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டுக்கு அந்தப் படி ஒன்றும் கிடையாது. அந்தத் தாய் பின்னேரத்தில் படலை திறக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நிமிர்ந்து பார்ப்பார். ஆகவே "இனி மனதைத் தேற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் கேட்காமல் மகனின் பெயரைத் துணியில் தைத்துக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது அன்பு. அவருக்கு அது நீங்கள் எழுதிக்கொடுத்த மரணச் சான்றிதழாகத் தெரியலாம். மகனைப் பற்றி அவர் "இருக்கிறான்" என்று பேசினால் நீங்களும் "இருக்கிறான்" என்றே பேசுங்கள். "இருந்தான்" என்று அவராக மாற்றுகிற நாளில் நீங்களும் மாற்றலாம்.

அவராகக் கேட்டால் அது வேறு விடயம். 1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு அங்கேயும் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இடம் கொடுக்க, அந்தப் பெண்கள் கூடியிருந்து சாக்குத் துணியில் ஒட்டுத் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். வீடு, மலை, சூரியன், வாசலில் "எங்கே இருக்கிறார்கள்?" என்று எழுதிய பதாகையோடு நிற்கும் பெண்கள். காணாமல் போனவர்களின் உடுப்பிலிருந்தே வெட்டிய துண்டுகளும் அவற்றில் இருந்தன. அந்தத் துணிகள் நாட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்தன, அடக்குமுறைக்குச் சாட்சியாகவும் நின்றன. பூத் தைக்கிற ஊசியும் அவர்கள் பிடித்த ஊசியும் ஒன்றுதான். ரீச்சர் அக்கா ஒருநாள் உங்கள் கையிலிருந்து வளையத்தை வாங்கி, "இதை எப்படிப் போடுறது?" என்று கேட்டால், சொல்லிக்கொடுங்கள். கேட்காவிட்டால் அந்தக் கதையைச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். படத்தோடு வெயிலில் நிற்கப் போகிற நாளில் தண்ணிப் போத்தலோடு கூடப் போய் நிற்கலாம். தைக்கிறவர் வீதியில் நிற்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

மகளோடு சண்டை பிடிக்காதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குச் செய்தியைப் பார்ப்பது ஒன்றுதான் ஊரோடு இருக்கிற வழி. கண்ணை எடுத்தால் துரோகம் செய்ததுபோல உணர்கிறார்கள். நீங்கள் ரீச்சர் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். ஒரு லேஞ்சி தைத்து அனுப்புங்கள்.

ஊசி போதாமல் போகிற நேரமும் உண்டு. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பியே இருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, தைக்கவும் பிடிக்காமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இரவிலும் பேசலாம், தமிழிலேயே.

அம்மாவின் மேசைவிரிப்பை முடியுங்கள். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே பள்ளிக்கூடங்களில் தையல் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் கையும் அப்படி எங்கேயோ பழகிய கைதான். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முடிச்சுப் போடாமல் நூலை எப்படி ஒளித்திருக்கிறார் என்று தெரியும். அதே நிறத்தில் நூல் கிடைக்காது. பேணிக்குள் இருந்த நூல் இத்தனை வருடத்தில் இற்றுப்போயிருக்கும், இழுத்துப் பார்த்தால் அறும். பெரிய கடைப் பக்கம் போய்ப் புதுநூல் வாங்குங்கள். அவர் விட்ட இடமும் நீங்கள் தொடங்கிய இடமும் நிறத்தில் தெரியத்தான் போகிறது. அதை மறைக்க மெனக்கெட வேண்டாம்.

தைக்க முதல் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பழைய சிவப்பு நூலின்மேல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். சாயம் ஒட்டினால் கழுவாதீர்கள். நிழலில் விரித்துத் தூசி தட்டிவிட்டு, அப்படியே வளையத்தில் மாட்டுங்கள்.